இரண்டாவது ஓலை

என்னைப் பார்த்த யாரும் என்னை நோயாளி என்று நினைத்ததில்லை. அதுதான் என் முதல் தொல்லை. தொடை, கெண்டைக்கால், தோள் எல்லாம் சர்க்கஸில் எடை தூக்குகிறவனுக்கு இருப்பதுபோல இருக்கும். தண்டால் எடுத்ததில்லை, ஜிம் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. முள்ளிப்பட்டில் வீட்டுத் தறியில் பட்டுச்சேலை நெய்கிறவன், அவ்வளவுதான். இப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டு ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்க முடியாமல் படியிலேயே நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"இன்னா சார், பயில்வான் மாதிரி கீறே, எறங்கறதுக்கு இன்னா பேஜாரு? ஜல்தி எறங்கு, பின்னாடி ஜனம் நிக்குது" என்பார் கண்டக்டர்.

"நான் எறங்கிட்டேன் கண்டக்டர். கால்தான் இன்னும் கண்ணமங்கலத்துலேந்து வந்துகினு இருக்குது" என்பேன்.

பஸ்ஸில் பாதிப் பேர் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் கால் இளகிவிடும், நானும் இறங்கிவிடுவேன். ஒரு ஜோக்கின் நீளமும் என் தசை தளர எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. இதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். என்னை எல்லோரும் தமாஷான ஆள் என்கிறார்கள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

நோயின் பெயர் மயோடோனியா கன்ஜெனிட்டா. மற்றவர்களுக்குத் தசை இறுகும், வேலை முடிந்ததும் தளரும். எனக்கு இறுகுவதெல்லாம் ஒழுங்காக இறுகும், தளரச் சொன்னால்தான் யோசிக்கும். தசைக்குள் உப்பு போய்வர ஒரு வாசல் உண்டாம், அது எங்கள் குடும்பத்தில் சரியாகத் திறப்பதில்லை என்று டாக்டர் விளக்கினார். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தாலோ, குளிர் அடித்தாலோ, யாராவது திடுக்கிட வைத்தாலோ உடம்பு பலகையாகிவிடும். அதே அசைவை மெல்ல மெல்லத் திரும்பச் செய்தால் இளகும். இளகிவிட்டால் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை.

அதனால் தறியில் எனக்கு மரியாதை உண்டு. காலையில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்ததும் முதல் மிதியில் கால் எழாது. ஊடுநூல் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும் கயிற்றைப் பிடித்த கை கயிற்றை விடாது. தறிச் சத்தம் கிழவன் இருமுவதுபோல ஆரம்பிக்கும். டம்ளர் காபி ஆறுவதற்குள் மழை பிடித்ததுபோல சீராகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கமிருந்து "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்பார். அதன் பிறகு சாப்பாட்டு மணி வரை நான் ஆரோக்கியசாலி.

கோயில்தான் கஷ்டம். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆரணியில் எங்கள் சபை. ஆராதனையில் உட்காரச் சொல்வார்கள், எழச் சொல்வார்கள், முழங்காலிடச் சொல்வார்கள், மறுபடி உட்காரச் சொல்வார்கள். என் நோயை நன்றாக விசாரித்துவிட்டு யாரோ வகுத்த ஒழுங்குமுறை போலிருக்கும். அதிலும் காணிக்கைப் பை வரும் நேரம் இருக்கிறதே. வெல்வெட் பையின் பிடியை நான் வாங்குவேன், காணிக்கையைப் போடுவேன், அடுத்தவரிடம் கொடுக்க நீட்டுவேன். கை விடாது. ஒரு ஞாயிறு, பை பிடிக்கும் ஊழியர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக இழுத்துக்கொண்டு நின்றோம்.

"வுடுங்கண்ணே" என்றார் காதோரமாக.

"போட்டுட்டேன்பா."

"போட்டது தெரியுது. பையை வுடுங்க."

பின் வரிசையில் ஒருவர், "மீதி சில்லறை கேக்கறாரு போல" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். முதலில் சிரிப்பது நானாக இருந்துவிட்டால் அது அவமானமாகாது என்பது என் கணக்கு. ஆனால் வீட்டுக்கு வந்து அந்தக் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

என் அப்பாவுக்கும் இது இருந்தது. நாய் குரைத்துத் திடுக்கிட்டால் நடுத்தெருவில் கட்டைபோல விழுவார். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காமல் குடிகாரர் என்ற பேரை எடுத்த மனிதர். அவரிடமிருந்து எனக்கு வந்தது. என்னிடமிருந்து எங்கள் ஒரே மகளுக்குப் போனது. இதை எழுதும்போது ‘போனது’ என்று எழுதுகிறேன், ஏதோ கூரியரில் போனமாதிரி. கொடுத்தது நான்.

அவளுக்கு இருப்பது எனக்கு அவள் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே தெரியும். தும்மினால் மூடின கண் மூடினபடியே இருக்கும், உடனே திறக்காது. "கடையை மூடியாச்சு!" என்பேன். குழந்தை கண்ணைத் திறக்க முடியாமலே கெக்கெக்கென்று சிரிப்பாள். என் மனைவி, "டாக்டர்கிட்ட காட்டலாங்க" என்பாள். "எங்க அப்பாருக்கு இருந்துச்சு, எனக்கு இருக்குது, செத்தா போயிட்டோம்?" என்பேன். அப்பா செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதையும் ஜோக்காக எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மகள் படித்து முடித்து வேலூரில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு மார்கழிக் காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள், எடுத்து வைத்த முதல் அடியிலேயே மரம்போல முகம் குப்புற விழுந்தாள். முன்பல் ஒன்று உடைந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "இதுக்கும் ஏதாவது ஜோக் வச்சிருக்கியாப்பா?" என்று கேட்டாள்.

அவள்தான் என்னை வேலூரில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் என் கட்டைவிரலுக்குக் கீழே சதைமேட்டில் சின்னச் சுத்தியலால் தட்டினார். விரல் உள்ளே மடிந்தது, அப்படியே நின்றது, தயங்கித் தயங்கி வெளியே வந்தது. பிறகு மகளுக்குத் தட்டினார். அதே மடிப்பு, அதே தயக்கம். அவளுக்கு என் ஜாடையே இல்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கட்டைவிரலில் இருந்தது.

தசையில் மெல்லிய ஊசியைச் செருகி அதன் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டார்கள். யாரோ ஸ்கூட்டரை முறுக்கி உறுமவிட்டு மெல்ல அடங்கவிடுவது போலிருந்தது. "இத்தனை வருஷமா ஏன் காட்டலை?" என்றார் டாக்டர்.

"வந்துகினுதான் இருந்தேங்க டாக்டர். பஸ் படியில மாட்டிகினேன்."

டாக்டர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. "எனக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாலேந்தே இவருக்குத் தெரியும் டாக்டர்" என்றாள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார் அவர். திடுமென்று எழக்கூடாது, எழுவதற்கு முன் கைகாலை அசைத்துக்கொள்ள வேண்டும், குளிரில் கவனம். இதயத்தைப் பரிசோதித்துவிட்டு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் என்று எது வந்தாலும் மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சில மருந்துகள் இந்த உடம்புக்கு ஆகாது, தாடையையும் நெஞ்சையும் இறுக்கிவிடும் என்று இரண்டு முறை சொன்னார். பிள்ளை உண்டாகியிருக்கும்போது இறுக்கம் கொஞ்சம் கூடலாம், பிறகு குறையும். "ஒவ்வொரு குழந்தைக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்றார். அதைச் சொல்லும்போது மகளைப் பார்த்துத்தான் சொன்னார். நான் சுவரில் இருந்த நரம்புப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அதை நான் அஜீரண மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். கேட்பவர்களிடம் "கேஸ் ட்ரபிள்" என்றேன். எங்கள் ஊரில் கேஸ் ட்ரபிளுக்கு ஒரு கௌரவம் உண்டு.

பிறகு வரன் வந்தது. வரன் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அவளோடு ஆபீசில் வேலை செய்கிற, கண்ணமங்கலத்துக்காரப் பையன். எங்கள் சபை வழக்கமே உள்ள குடும்பம். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பையனின் அம்மா பேசுவார். மகள் பையனிடம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். நிச்சயம் முடிந்த மறுநாள் என்னிடம் வந்து நின்றாள்.

"அவங்க அப்பா அம்மாகிட்ட நீதான்பா சொல்லணும்."

"பையன்கிட்டதான் சொல்லிட்டியே."

"நான் சொன்னா என் வியாதி. நீ சொன்னாத்தான் அது நம்ம குடும்பத்து விஷயம். நாளைக்கு எனக்கு பிரசவம், ஆபரேஷன்னு வந்தா பக்கத்துல நிக்கப்போறது அவங்க. மூணாவது ஓலைக்குள்ள சொல்லிடு. சொல்லாம மூடி மறைச்சு நடத்தற கல்யாணம்னா நான் கோயில் ஆல்டர்ல வந்து நிக்கமாட்டேன்."

ஓலை என்றால் பனையோலை அல்ல, இப்போது கம்ப்யூட்டரில் அடித்த தாள்தான். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனைகளில் அதை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் செய்ய நிச்சயித்திருக்கிறது, இதற்கு நியாயமான தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று போதகர் கேட்பார். யாரும் எதுவும் தெரிவித்து நான் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு ஒரு மூச்சு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் யாராவது இருமினாலே பெண்வீட்டார் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல் ஓலைக்கு முன்பு நான் சொல்வதற்காகவே கண்ணமங்கலம் போனேன். சம்பந்தி அம்மா வாசலிலேயே, "இன்னாங்க, ஒடம்ப எவ்ளோ கட்டுமஸ்தா வச்சிருக்கீங்க! எக்சர்சைஸ் பண்றீங்களா?" என்றார். இதைவிட நல்ல சந்தர்ப்பத்தைக் கர்த்தர் எனக்குக் கொடுத்திருக்க முடியாது. நான் சட்டைக் கையை மடித்துப் புஜத்தைக் காட்டினேன். "தறிங்க, எல்லாம் தறி குடுத்தது" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "சொன்னீங்களா?" என்றாள்.

"சூழ்நிலை சரியில்ல."

"இன்னா சூழ்நிலை?"

"மைசூர்பாகு வச்சிருந்தாங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். முதல் ஓலை வாசித்தாயிற்று. மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். சிரிப்பு வருகிற பதில்தான்.

இரண்டாவது ஓலைக்குச் சம்பந்திகள் இருவரும் எங்கள் சபைக்கே வந்தார்கள். முன்னால் இரண்டாம் வரிசையில் அந்த அம்மா, அவர் கணவர், நான், என் மனைவி. மகள் பாடகர் குழுவில், சபையைப் பார்த்தமாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசல் மரத்தடியில் வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சத்தியமாக.

வழக்கமாக நான் பிரசங்க நேரம் முழுவதும் செருப்பைக் கழற்றிவிட்டு விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருப்பேன். அன்று சம்பந்தி பக்கத்தில் இருக்கிறாரே என்று படம் பிடிக்க உட்கார்ந்தவன் மாதிரி அசையாமல் இருந்தேன். மேலே காற்றாடியின் குளிர் வேறு. பிரசங்கம் நீண்டது. ஓலை வாசித்ததும் எல்லோரும் எழுந்து பாட்டுப் பாட வேண்டும். நான் கடைசி ஆளாக முக்கி முனகி எழுவதைச் சம்பந்தி பார்த்துவிடக்கூடாது. அதற்கு என்னிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. எல்லோருக்கும் முன்னால், அறிவிப்புகள் நடக்கும்போதே, முன் வரிசை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எழும்ப ஆரம்பித்துவிடுவேன். பாட்டு ஆரம்பிக்கும்போது சரியாக நின்றுவிடுவேன்.

அப்படித்தான் எழும்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மைக் ‘கீ’ என்று அலறியது. திடுக்கிட்டேன். அவ்வளவுதான். இடுப்பு, தொடை, பெஞ்சைப் பிடித்த இரண்டு கை, எல்லாம் பூட்டிக்கொண்டன. பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும், குதிக்கப் போகிறவனைப் போல, அப்படியே நின்றேன்.

போதகர் மைக்கைத் தட்டிச் சரிசெய்துவிட்டு ஓலையை வாசித்து முடித்தார். "தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் இப்பொழுதே தெரிவிக்கலாம்." நிமிர்ந்து பார்த்தார். மணப்பெண்ணின் அப்பா எழுந்து நிற்கிறார்.

அந்த ஒரு மூச்சு இடைவெளி நீண்டுகொண்டே போனது. சபை மொத்தமும் திரும்பியது. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க, உக்காருங்க!" உட்கார முடிந்தால் உட்கார மாட்டேனா?

"ஐயா," என்றார் போதகர் மெதுவாக, "ஏதாவது சொல்லணுங்களா?"

கால் மரத்துப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகின பொய். அதற்குள் மகள் முகத்தைப் பார்த்துவிட்டேன். கோபமில்லை. பயந்திருந்தாள். தன் கல்யாணத்துக்குத் தன் அப்பாவே தடை சொல்லப்போகிறார் என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பிய முகம் அது. நான் அப்படிச் செய்யக்கூடிய ஆள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"தடை ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "ஒடம்பு பூட்டிகிச்சு. எனக்கு ஒரு வியாதி. எங்க அப்பாருக்கு இருந்துச்சு. எனக்கு வந்துச்சு. அவரு குடிகாரரு இல்லீங்க. என் பொண்ணுக்கும் இருக்குது. அதுக்குப் பொறக்கப்போற புள்ளைங்களுக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம். இதைச் சம்பந்திங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். சொல்லல."

பேசப் பேச உடம்பு இளகிக்கொண்டே வந்தது. பேச்சை நிறுத்தத்தான் தெரியவில்லை. மயக்க ஊசி வரைக்கும் சபையில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

ஆராதனை முடிந்து மரத்தடியில் சம்பந்தி அம்மா என் எதிரே வந்து நின்றார். "எங்களுக்குத் தெரியும்ங்க" என்றார். "பையன் நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிட்டான். நாங்களும் வேலூர்ல ஒரு டாக்டரைக் கேட்டோம். உங்க பொண்ணுதான், ‘அப்பா வந்து சொல்வாரு, அதுவரைக்கும் நீங்களா கேக்காதீங்கத்தே, மனசு உட்டுடுவாரு’ன்னுச்சு. அதான் சும்மா இருந்தோம். அன்னிக்குப் புஜத்தைக் காட்டினீங்களே, அப்பவும் சும்மாதான் இருந்தோம்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க வீட்ல ரெண்டு பக்கமும் சக்கரை. அதை நாங்க உங்ககிட்ட சொன்னோமா? அதெல்லாம் ஓலையில வராதுங்க" என்றார். சம்பந்தி ஐயா அன்று பேசிய ஒரே வார்த்தை: "ஆமா."

நல்ல மனிதர்கள். ஆனால் என்னால் அங்கே நிற்க முடியவில்லை, இந்தத் தடவை தசையால் அல்ல. தெரிய வேண்டியவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் சொன்னதெல்லாம் தெரிய வேண்டாதவர்களுக்குத்தான் புதுச்செய்தி. அதற்குள் மகளைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி வேப்பெண்ணெய் தடவச் சொன்னாள். இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து, "எங்கே, விடு பாக்கலாம்" என்று சோதித்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் மகள் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். ஆரணியைத் தாண்டினதும்தான் பேசினாள்.

"நான் உன்னை ரெண்டு பேர்கிட்ட சொல்லச் சொன்னேன். நீ சபைக்கே வாசிச்சிட்டே."

"வாயில வந்துடுச்சுமா."

"உன்னுத மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம் இல்ல? என்னுதைச் சொல்ல என்னைக் கேட்டியா?"

இல்லை. வருஷக்கணக்காக அவளுடையதை என் ஜோக்குக்குப் பின்னால் மறைத்து வைத்தபோதும் கேட்கவில்லை, ஒரே மூச்சில் கொட்டினபோதும் கேட்கவில்லை. இரண்டுமே எனக்கு வசதியான நேரத்தில் நடந்தன. முள்ளிப்பட்டு வந்தபோது அவள் முதலில் எழுந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெல்ல மடக்கி நீட்டி, அவசரமே இல்லாமல் இறங்கினாள். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். "தசை நோய்ங்க, கொஞ்சம் டைம் ஆவும்" என்றாள் திரும்பாமலே. எனக்கு அதைச் சொல்ல ஒரு வாழ்க்கை போதவில்லை.

மூன்றாவது ஓலைக்கு நான் வரவில்லை என்றேன். "வந்துதான் ஆவணும்" என்றாள். "நீ இல்லாம வாசிச்சா நெஜமாவே ஏதோ தடைன்னு ஊரு கதை கட்டும்." போனேன். போதகர் தாளை எடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தார். சபையும் பார்த்தது. நான் இரண்டு கையையும் மடியில் வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். தடை ஏதும் இல்லை. பாட்டுக்கு எல்லோரும் எழுந்து, முதல் சரணம் முடிந்து, அதற்குப் பிறகு நான் எழுந்தேன். காது இரண்டும் சூடாக இருந்தன.

கல்யாணம் அடுத்த வாரம். எங்கள் வழக்கப்படி வரவேற்பில் பெண்ணின் அப்பா மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். நான் ஒரு மாதமாக அதற்கு ஜோக்குகள் சேர்த்து வைத்திருந்தேன். நேற்று மகள் பத்திரிகைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே, "நன்றி சொல்றது அம்மா சொல்லட்டும்பா" என்றாள்.

என் மனைவி மைக்கில் பேசியதே இல்லை. அடுப்படியிலிருந்து, "நானா? எனக்கு இன்னா தெரியும்?" என்று குரல் வந்தது.

"நீ நன்றி மட்டும் சொல்லுவே இல்ல, அது போதும்" என்றாள் மகள்.

பதிலுக்குச் சொல்ல ஒரு நல்ல ஜோக் இருந்தது. சரி என்று மட்டும் சொன்னேன்.